ஏழு கிராம் சுதந்திரம்

ஆபீஸ் எஸ்பிரெஸ்ஸோ மெஷினுக்கு வீட்டிலேயே ‘பாட்’ தயாரிக்கலாம்... பொடியும் உங்களுடையது, ருசியும் உங்களுடையது!

ஓசூரிலிருந்து கிளம்பும் பஸ் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் ஆனேக்கல் தாலுகா. சந்தாபுரா, பொம்மசந்திரா, ஹெப்பகோடி என்று நெடுஞ்சாலையை ஒட்டி வரிசையாகத் தொழிற்சாலைகளும் ஆபீஸ்களும். அதையும் தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி. 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மெட்ரோவின் மஞ்சள் பாதையும் திறந்துவிட்டதால், இந்தப் பக்கம் ஓசூர், அந்தப் பக்கம் ஜெயநகர் என்று இரண்டு திசையிலிருந்தும் காலையில் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள்.

இவர்களில் தமிழ் வீடுகளிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பொதுக் குறை உண்டு. காலை ஆறரைக்கு வீட்டில் குடித்தது ஃபில்டர் காபி. பதினொரு மணிக்கு ஆபீஸ் பேன்ட்ரியில் கிடைப்பது வேறு வஸ்து. வெண்டிங் மெஷினில் ‘டீ’ பொத்தானை அழுத்தினாலும் ‘காபி’ பொத்தானை அழுத்தினாலும் ஒரே ருசிதான் என்பது இந்த வட்டாரத்தில் பழைய ஜோக். கொஞ்சம் வசதியான ஆபீஸ்களில் கேப்ஸ்யூல் மெஷினோ, சின்ன எஸ்பிரெஸ்ஸோ மெஷினோ வந்திருக்கிறது. ருசியில் அது எவ்வளவோ மேல். ஆனால், கேப்ஸ்யூல் தீர்ந்துவிட்டால் அடுத்த ஆர்டர் வரும்வரை மெஷின் வெறும் அலங்காரப் பொருள். ‘ஒரு கப் இவ்வளவா?’ என்று அக்கவுன்ட்ஸ் பிரிவு புருவம் உயர்த்துவது தனிக்கதை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. பாட் என்பது உள்ளே அளந்து வைத்த காபிப்பொடி, வெளியே ஓர் உறை. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாலை அரை மணி நேரம் ஒதுக்கினால், ஒரு வாரத்துக்கான பாட்களை நம் வீட்டுச் சமையலறை மேடையிலேயே செய்துவிடலாம். லஞ்ச் பையில் தயிர்சாத டப்பாவுக்குப் பக்கத்தில் அதற்கும் ஒரு மூலை கிடைக்கும்.

நம் மலை, அவர்கள் மூடி

ஆனேக்கல் காபி விளையும் ஊரல்ல. ராகி விளைகிற மண். ஆனால், இங்கிருந்து சில மணி நேரப் பயணத்தில் குடகு, சிக்கமகளூரு, ஹாசன் மலைகள். தெற்கே இறங்கினால் ஏற்காடு. ஏமனிலிருந்து பாபா புதன் ஏழு காபிக் கொட்டைகளைக் கொண்டுவந்து நட்டார் என்று சொல்லப்படும் மலை சிக்கமகளூரில்தான் இருக்கிறது. இந்தியக் காபியில் சுமார் 70 சதவிகிதம் கர்நாடகத்தில் விளைகிறது. காபி வாரியத்தின் தலைமையகம் பெங்களூரில். ஆராய்ச்சி நிலையம் பாலேஹொன்னூரில், 1925-லிருந்து.

இவ்வளவு பக்கத்தில் விளைந்தும், அதில் பெரும்பகுதி நம் டம்ளருக்கு வருவதில்லை. இந்தியாவின் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஏற்றுமதியாகிறது. அதை அதிகம் வாங்குவது எஸ்பிரெஸ்ஸோ பிறந்த இத்தாலி. நம் ரோபஸ்டா வகைக் கொட்டையைத் தங்கள் கலவையில் சேர்த்து, கோப்பையின் மேல் மிதக்கும் பொன்னிற நுரைக்கும் உடல்கட்டுக்கும் அதை நம்பியிருக்கிறார்கள் அந்த ஊர் வறுப்பவர்கள். மேற்குக் கடற்கரையில் பருவக்காற்றின் ஈரத்தில் ஊறவிட்டுப் பக்குவப்படுத்தும் ‘மான்சூன்’ ரோபஸ்டாவை வைத்து, ‘இந்தியா’ என்று பெயரிட்டே ஒரு கேப்ஸ்யூல் வகையை விற்கிறது நெஸ்பிரெஸ்ஸோ. இங்கே விளைந்த கொட்டை கப்பலேறி, சுவிட்சர்லாந்தில் வறுபட்டு, அலுமினிய மூடிக்குள் புகுந்து, பல மடங்கு விலையில் உலகம் சுற்றுகிறது.

நெஸ்லேயின் நெஸ்பிரெஸ்ஸோ இந்தியாவுக்கு வருவதாக அறிவித்தது 2024-ல்தான். ஆனால், அதே நெஸ்லே 1989-லிருந்தே மைசூருக்குப் பக்கத்தில் நஞ்சன்கூட்டில் இன்ஸ்டன்ட் காபி தயாரித்துக்கொண்டிருக்கிறது. கலக்கினால் காபி என்ற வசதியை முதலில் தந்தவர்கள், அழுத்தினால் காபி என்ற அடுத்த வசதியையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

நம் ஊர்க்காரர்களுக்கு ‘எஸ்பிரெஸ்ஸோ’ புதிய சொல்லும் இல்லை. கல்யாண ரிசப்ஷனிலும் பொருட்காட்சியிலும் பித்தளைக் குழாயோடு ‘உஸ்ஸ்’ என்று சீறும் மெஷின் முன்னால் வரிசையில் நின்று வாங்கிய ‘எக்ஸ்பிரஸோ காபி’ ஞாபகம் இருக்கிறதா? பால், சர்க்கரை, இன்ஸ்டன்ட் பொடி, நீராவி, மேலே ஒரு சிட்டிகை சாக்லேட் தூள். நுரை மட்டும் மலைபோல நிற்கும். இத்தாலிக்காரர் பார்த்தால் மயங்கி விழுவார். நிஜ எஸ்பிரெஸ்ஸோ என்பது ஏழு கிராம் பொடியை இறுக்கி அமுக்கி, அதன் வழியே 90 டிகிரிக்கு மேல் சூடான நீரை 9 பார் அழுத்தத்தில் 25 முதல் 30 விநாடிக்குள் செலுத்தி எடுக்கும் சுமார் 30 மில்லி சாறு. நம் டிகாஷன் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக இறங்குவதை, அழுத்தம் அரை நிமிடத்தில் முடித்துவிடுகிறது.

ஆபீஸுக்காகவே பிறந்த குப்பி

எஸ்பிரெஸ்ஸோவில் கஷ்டமான வேலை, பொடியைச் சரியாக அளந்து சரியாக அமுக்குவது. கை பழகாதவர்கள் செய்தால் ஒரு நாள் கசக்கும், ஒரு நாள் தண்ணீராக இருக்கும். 1974-ல் இத்தாலியின் ட்ரியஸ்தே நகரத்து இல்லி நிறுவனம் இதற்கு ஒரு விடை கண்டது: பொடியை முன்கூட்டியே அளந்து, அமுக்கி, இரண்டு காகித வட்டங்களுக்கு நடுவே மூடி, வில்லையாகக் கொடுப்பது. பிறகு இத்தாலிய நிறுவனங்கள் பலவும் சேர்ந்து ஒரு பொது அளவை ஏற்றுக்கொண்டன. 44 மில்லிமீட்டர் குறுக்களவு, 7 கிராம் பொடி. ‘ஈ.எஸ்.ஈ’ என்று பெயர். இந்த அளவுக்கு யார் வேண்டுமானாலும் பாட் செய்யலாம், யார் வேண்டுமானாலும் மெஷின் செய்யலாம்.

இன்னொரு பாதையை எடுத்தது நெஸ்லே. அதன் பொறியாளர் எரிக் ஃபாவ்ர் 1970-களில் உருவாக்கிய கேப்ஸ்யூல் முறை, 1986-ல் நெஸ்பிரெஸ்ஸோவாகச் சந்தைக்கு வந்தது. முதலில் குறிவைத்தது வீடுகளை அல்ல, ஆபீஸ்களை. சரியாக ஓடாததால் பிறகுதான் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். அமெரிக்காவில் 1998-ல் கியூரிக் நிறுவனம் கொண்டுவந்த ‘கே-கப்’பும் ஆபீஸ் சரக்காகத்தான் தொடங்கியது. பெரிய பாத்திரத்தில் போட்டு மணிக்கணக்கில் சூட்டில் கிடந்து கசந்துபோன காபிக்கு மாற்றாக, ஆளுக்கொரு கப், புதிதாக.

யோசனை நல்ல யோசனைதான். சிக்கல், பூட்டில் இருந்தது. இல்லியின் காகித வில்லைக்கு யாரும் பொடி நிரப்பலாம். கேப்ஸ்யூலுக்கு, கம்பெனி மட்டுமே.

வாடிக்கையாளர் ஜெயித்த கதை

2014-ல் கியூரிக் ஒரு புதிய மெஷினைக் கொண்டுவந்தது. மூடியில் உள்ள சிறப்பு மையை மெஷின் படித்துப் பார்க்கும். தன் கம்பெனி முத்திரை இல்லாத பாட்களை நிராகரிக்கும். கூடவே, அதுவரை விற்றுவந்த, சொந்தப் பொடியை நிரப்பிக்கொள்ளும் குட்டி ஃபில்டரையும் அந்த மாடலில் நிறுத்திவிட்டது. வாடிக்கையாளர்கள் கொதித்துப் போனார்கள். டேப் ஒட்டி மெஷினை ஏமாற்றும் தந்திரங்கள் ஊரெல்லாம் பரவின. விற்பனை சரிந்தது. 2015-ல் கம்பெனியின் தலைவரே, நிரப்பிக்கொள்ளும் ஃபில்டரை எடுத்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். சொந்தப் பொடியைப் போட்டுக் குடிக்கும் உரிமையை ஜனங்கள் அவ்வளவு பெரிதாக நினைக்கிறார்கள் என்பது அப்போதுதான் கம்பெனிக்கு உறைத்தது.

ஐரோப்பாவில் இன்னும் சுவாரசியம். நெஸ்பிரெஸ்ஸோவை வீடுகளுக்குக் கொண்டுபோய் வெற்றிபெற வைத்த அதன் முன்னாள் தலைவர் ஜான்-பால் கயார், 2010-ல் அதே மெஷினில் பொருந்தும் மக்கும் கேப்ஸ்யூலைப் போட்டியாகக் கொண்டுவந்தார். வழக்குகள் பறந்தன. காப்புரிமைகள் ஒவ்வொன்றாகக் காலாவதியாக, 2014-ல் பிரான்ஸ் போட்டி ஆணையத்திடம், மற்ற கேப்ஸ்யூல் தயாரிப்பாளர்களுக்கு இடைஞ்சல் செய்ய மாட்டோம் என்று நெஸ்பிரெஸ்ஸோ உறுதிமொழி கொடுத்தது. இன்று இந்திய நிறுவனங்கள் உட்பட யார் யாரோ அந்த அளவில் கேப்ஸ்யூல் விற்கிறார்கள். நிரப்பிக்கொள்ளும் ஸ்டீல் கேப்ஸ்யூல் சாதாரணமாகக் கிடைக்கிறது. பூட்டு திறந்துதான் கிடக்கிறது, நாம்தான் கதவைத் தள்ளவில்லை.

நம் ஊரிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஒரு காலத்தில் தோட்டக்காரர் தான் விளைவித்த காபியைத் தானே விற்க முடியாது. மொத்தத்தையும் காபி வாரியத்தின் பொதுக் கையிருப்பில் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டு முழுசாக அவிழ்ந்தது 1990-களின் நடுவில். பெங்களூரு பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தது 1996 ஜூலையில். விளைவிப்பவருக்கு விடுதலை கிடைத்ததும் ருசியில் எத்தனை வகை வந்தது என்பதை இந்த நகரம் கண்ணால் பார்த்திருக்கிறது.

முதலில் மெஷினைப் பாருங்கள்

பாட் செய்ய உட்காருமுன் ஆபீஸ் மெஷின் எந்த ஜாதி என்று தெரிய வேண்டும். மேலே கண்ணாடிக் கூம்பில் கொட்டை தெரிந்தால், அது தானே அரைத்துக்கொள்ளும் வகை. பாட் எதையும் ஏற்காது. குட்டிக் குப்பியைப் போட்டுக் கைப்பிடியை மூடும் வகை என்றால் நிரப்பும் கேப்ஸ்யூல் வேண்டும். நீளக் கைப்பிடியோடு கரண்டிபோல ஒரு கூடையை முறுக்கி மாட்டும் வகை என்றால் காகித பாட் பொருந்தும். அதிலும் ‘ஈ.எஸ்.ஈ’ கூடை தனியாக இருந்தால் மிகவும் நல்லது.

மெஷின் வாடகைக்கு எடுத்ததா என்று அட்மின் ஆளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் வேறு பாட் போடக் கூடாது என்றிருந்தால் வம்பு வேண்டாம். சொந்த மெஷின் என்றாலும், நிரப்பிய கேப்ஸ்யூலால் பழுது வந்தால் வாரன்டி கிடைக்காமல் போகலாம்.

காகித பாட்: செய்முறை

தேவையானவை: காபி ஃபில்டர் காகிதம், கிராமுக்குக் கீழேயும் காட்டும் சின்ன தராசு, டேம்பர் எனப்படும் அமுக்கி, ஒரு கத்தரிக்கோல். அச்சுக்கு வெளியே போக வேண்டாம். மெஷினோடு வரும் ஒற்றை ஷாட் கூடையே அச்சு.

காகிதத்தில் இரண்டு வட்டம் வெட்டிக்கொள்ளுங்கள். மேல் வட்டம் கூடையின் உள்ளளவுக்குச் சரியாக. அடி வட்டம் அதைவிட எல்லாப் பக்கமும் ஒன்றரை சென்டிமீட்டர் பெரிதாக. அடி வட்டத்தைக் கூடைக்குள் வைத்து விரலால் ஓரங்களில் அழுத்தினால் அது கிண்ணம்போல உட்காரும். 7 கிராம் பொடியைக் கொட்டி, கூடையின் விளிம்பை லேசாகத் தட்டிச் சமன்படுத்துங்கள். ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம் என்று இருந்தால் தண்ணீர் பள்ளத்தின் வழியே ஓடிவிடும். மேட்டில் உள்ள பொடி சும்மா கிடக்கும். சமன் செய்தபின் டேம்பரால் நேராக, ஒரே சீராக அமுக்குங்கள். சாய்வாக அமுக்கினால் சமன்படுத்தியது வீண்.

மேல் வட்டத்தை வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் அடிக் காகித ஓரத்தை மடிப்பு மடிப்பாக உள்நோக்கி மடித்து, மறுபடி ஒருமுறை அமுக்குங்கள். கூடையைக் கவிழ்த்து மெதுவாகத் தட்டினால் வில்லை முழுசாகக் கையில் விழும். மடிப்புப் பக்கம் கீழே இருக்கும்படி டப்பாவில் அடுக்குங்கள். மடிப்பு நிற்கவில்லை என்றால், சூட்டில் ஒட்டும் டீ பேக் காகிதம் வாங்கி, ஓரத்தை இஸ்திரிப் பெட்டியின் முனையால் ஒற்றி எடுக்கலாம். பசை, ஸ்டேப்ளர் பின், செல்லோடேப் எதுவும் கூடவே கூடாது. டிஷ்யூ பேப்பரும் உதவாது. அழுத்தத்தில் கிழிந்து, சக்கை மெஷினுக்குள் புகுந்துவிடும்.

காகிதம் காபி எண்ணெயில் கொஞ்சத்தைக் குடித்துக்கொள்ளும். அதனால் நுரை சற்றுக் குறையும், ருசி தெளிவாக இருக்கும். அந்த எண்ணெயில் உள்ள காஃபெஸ்டால் என்ற பொருள் கெட்ட கொழுப்பை உயர்த்தக்கூடியது. காகிதம் அதைத் தடுக்கிறது என்பதால், டாக்டரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு இது கூடுதல் லாபம்.

ஸ்டீல் கேப்ஸ்யூல்: செய்முறை

இதன் வயிறு சிறியது. கம்பெனிக் கேப்ஸ்யூலில் இருப்பது 5 முதல் 6 கிராம்தான். நீங்களும் அவ்வளவுதான் போட வேண்டும். விளிம்பு வரை திணிக்காதீர்கள். நனைந்ததும் பொடி உப்பும், அதற்கு மேலே ஒரு மில்லிமீட்டராவது இடம் வேண்டும். அமுக்குவதும் மெல்லத்தான். மூடியோ, ஒட்டும் அலுமினியத் தாளோ போடுமுன் விளிம்பில் ஒட்டியிருக்கும் பொடியை விரலால் துடைத்துவிடுங்கள். ஒரு துணுக்கு மிச்சமிருந்தாலும் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து, கோப்பைக்குப் பதில் கழிவுத் தட்டு நிறையும்.

கம்பெனிக் கேப்ஸ்யூலில் அழுத்தம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இந்தக் கவனம் ஏன் என்று புரியும். பின்பக்கம் மெஷின் ஊசிகள் துளையிட, வெந்நீர் உள்ளே பாய்கிறது. முன்பக்கத் தாள், மெஷினில் உள்ள குட்டிக் குட்டிக் கூம்புகள் மேல் உப்பி, போதுமான அழுத்தம் சேர்ந்த பிறகே கிழிகிறது. அதாவது, தாளே அணை. ஒட்டுத்தாள் போடும் கேப்ஸ்யூலிலும் இதேதான் நடக்கிறது. ஸ்டீல் மூடி வகையில் கிழிய எதுவும் இல்லை. அங்கே பொடியின் நைசுதான் அணை. அதனால் அரைப்பு தவறினால் மன்னிப்பே இல்லை.

வேலை முடிந்ததும் சக்கையை உடனே தட்டிவிட்டுக் கழுவி, ரப்பர் வளையத்தைக் கழற்றித் துடைத்துக் காயவையுங்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பேன்ட்ரியில் மறந்துவிட்டுப் போனால் திங்கட்கிழமை பூஞ்சைதான் வரவேற்கும்.

எந்தப் பொடி?

காபிப்பொடிக் கடையில் நின்றாலே முதல் கேள்வி, ‘சிக்கரி எஷ்டு (எவ்வளவு)?’ நம் வீட்டு வழக்கப்படி ‘எண்பதுக்கு இருபது’ என்று வாய் தானாகச் சொல்லும். எஸ்பிரெஸ்ஸோ பாட்டுக்கு ‘சிக்கரி பேடா (வேண்டாம்)’ என்று சொல்லிவிடுங்கள். சிக்கரியில் தண்ணீரில் கரையும் பொருள் மிக அதிகம். டிகாஷனுக்குக் கெட்டித்தன்மை தருவது அதுதான். ஆனால் அழுத்தத்தில் அது பிசுபிசுத்துப் பொடியை அடைத்துக்கொள்ளும். சிக்கரி இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் பத்து சதவிகிதத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். பாக்கெட் வாங்கினால் பின்பக்கம் படியுங்கள். சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவிகிதம் இருந்தால் போதும், மீதி சிக்கரியாக இருக்கலாம்.

அடுத்தது அரைப்பு. ஃபில்டர் பொடி எஸ்பிரெஸ்ஸோவுக்குக் கொஞ்சம் பெரிது. விரல்களுக்கு நடுவே தேய்த்தால் மைதாவைவிடக் கரகரப்பாகவும் பொடியுப்பைவிட நைசாகவும் இருக்க வேண்டும். மிக்ஸியில் அரைத்தால் பாதி தூசியாகவும் பாதி ரவையாகவும் வரும். கடைக்காரரிடம் ‘எஸ்பிரெஸ்ஸோவுக்கு’ என்று சொல்லி அரைக்கச் சொல்லலாம். அடிக்கடி குடிப்பவர் என்றால் கையால் சுற்றும் பர் கிரைண்டர் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. நைசைக் கூட்டிக் குறைக்க முடியும்.

கலவையில் ருசிக்கு அராபிகா, உடல்கட்டுக்கும் நுரைக்கும் ரோபஸ்டா. பால் சேர்த்துக் குடிப்பவர்கள் ரோபஸ்டாவை மூன்றில் ஒரு பங்கு வரை சேர்த்தால்தான் பாலை மீறிக் காபி பேசும். பீபெரி பிடித்தவர்கள் அதையே போடலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: ரோபஸ்டாவில் காஃபின் அராபிகாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாலை நாலு மணிக்கு மேல் ரோபஸ்டா பாட் போட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை என்று காபியைத் திட்டக் கூடாது.

அரைத்த பொடிக்குக் காற்றுதான் எதிரி. காற்றுப் புகாத டப்பாவில், வெளிச்சம் படாமல் வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் செய்து குவிக்காதீர்கள். கம்பெனிகள் நைட்ரஜன் நிரப்பி மாதக்கணக்கில் காப்பாற்றுகின்றன. நம்மிடம் அது இல்லை. ஆனால் போன வாரம் வறுத்த கொட்டை இருக்கிறது.

கோளாறு எங்கே? ஒரு பார்வை

பத்து விநாடியில் வெளிறிய தண்ணீராகக் கொட்டினால் அரைப்பு பெரிது, அல்லது பொடி குறைவு. நாற்பது விநாடி ஆகியும் சொட்டுச் சொட்டாகக் கறுப்பாக இறங்கினால் அரைப்பு ரொம்ப நைசு. மெஷின் முனகினால் உடனே நிறுத்துங்கள். புளித்தால் இன்னும் நைசாக அரையுங்கள். கசந்தால் கொஞ்சம் பெரிதாக அரையுங்கள். நுரையே இல்லை என்றால் பொடி பழசு. ஒரு தடவையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போகும்.

நம் ருசிக்குக் குடிக்க, 30 மில்லி ஷாட்டை டம்ளரில் பிடித்து, அதைப்போல மூன்று மடங்கு கொதிக்கக் கொதிக்கப் பால் விட்டு, ஒரு ஆற்று ஆற்றினால் போதும். பெங்களூரு வழக்கப்படி பக்கத்து சீட்காரரோடு ‘பை-டூ’ போடவும் தோது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

2024-ல் ரோபஸ்டாவும், 2025 தொடக்கத்தில் அராபிகாவும் உலகச் சந்தையில் வரலாறு காணாத விலையைத் தொட்டன. நம் கடைப் பொடியும் ஏறியது, ஓட்டல் காபியும் ஏறியது. அதனால் உங்கள் கடை விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு ஒரு கணக்கு.

கேப்ஸ்யூல் ஒன்று 40 ரூபாய், உள்ளே ஐந்தரை கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 182 கேப்ஸ்யூல். அப்படியானால் அந்தப் பொடியை நீங்கள் வாங்கும் விலை கிலோ 7,280 ரூபாய்! கடையில் நல்ல பொடி கிலோ 900 ரூபாய் என்றால், அதே ஐந்தரை கிராம் 5 ரூபாய்க்குள் அடங்கும். ஒட்டுத்தாளுக்கோ காகிதத்துக்கோ 2 ரூபாய் சேர்த்தால் 7 ரூபாய். ஒரு நாளைக்கு இரண்டு கப், மாதம் 22 வேலை நாள் என்றால் 44 கப். கேப்ஸ்யூலில் 1,760 ரூபாய். வீட்டுப் பாட்டில் 308. வித்தியாசம் 1,452 ரூபாய். ஸ்டீல் கேப்ஸ்யூலும் தராசும் வாங்கிய காசு சில மாதங்களில் திரும்பிவிடும்.

உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு, மறுக்கவில்லை. வாரம் அரை மணி நேரம் இதற்குத் தர மனமில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது.

எந்தத் தொட்டியில் போடுவது?

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்கச் சொல்லின. அதற்கு முன்பே, 2015-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் பெங்களூருக்கு ‘இரண்டு தொட்டி, ஒரு பை’ முறையைக் கட்டாயமாக்கியது. இப்போது குடித்து முடித்த கேப்ஸ்யூல் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே அலுமினியம் அல்லது பிளாஸ்டிக், உள்ளே ஈரச் சக்கை. ஈரக் குப்பையில் போட்டால் உரக்குழியில் மக்காது. உலர் குப்பையில் போட்டால் சக்கை அழுகி மற்றதையும் கெடுக்கும். பிரிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகக் கிழித்துத் தோண்ட வேண்டும். எந்த ஆபீஸில் யார் செய்கிறார்கள்? ஹவுஸ்கீப்பிங் அக்கா தலையில்தான் விடிகிறது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016-லேயே அரசு அலுவலகங்களுக்காகக் காபி கேப்ஸ்யூல் வாங்குவதை நிறுத்திவிட்டது. கே-கப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் சில்வனே, அதைக் கண்டுபிடித்ததற்காகச் சில நேரம் வருந்துவதாக 2015-ல் பேட்டி கொடுத்தார்.

கேப்ஸ்யூல் பக்கம் ஒரு நியாயமும் இருக்கிறது. அது பொடியை அளவாகத்தான் செலவழிக்கிறது. ஆபீஸ் ஃபிளாஸ்க்கில் போட்டு, மீந்து, சாயங்காலம் சிங்க்கில் கொட்டும் காபியும் ஒரு மலையில் தண்ணீரும் உழைப்பும் குடித்து விளைந்ததுதான். வீட்டுப் பாட் இந்த அளவுச் சிக்கனத்தை வைத்துக்கொண்டு குப்பையை மட்டும் கழித்துவிடுகிறது. ஃபில்டர் காகிதத்தில் மடித்த வில்லை முழுசாக ஈரக் குப்பைக்குப் போகலாம். ஸ்டீல் கேப்ஸ்யூலின் சக்கை ரோஜாத் தொட்டிக்கோ கறிவேப்பிலைத் தொட்டிக்கோ போகலாம்.

யாருக்கு இது வேண்டாம்?

ஆபீஸில் மெஷினே இல்லை என்றால், பாட் செய்வதற்காக ஒன்றை வாங்காதீர்கள். அந்தக் காசுக்கு நல்ல பித்தளை ஃபில்டரும் சின்ன ஃபிளாஸ்க்கும் வாங்கி, வீட்டு டிகாஷனைக் கொண்டுபோய்ப் பாலை மட்டும் அங்கே சூடாக்கிக்கொள்ளலாம். பத்துப் பேருக்கு மேல் குடிக்கும் ஆபீஸ் என்றாலும் பாட் சரிப்படாது. ஆள் ஆளுக்கு நிரப்புவதைவிடக் கொட்டையை அரைத்துத் தரும் மெஷினே மேல். ஜிகனி பக்கத்துப் பட்டறைகளில் ஷிப்ட் நடுவே ஸ்டீல் கேனில் வரும் சூடான காபிக்கு இது போட்டியே அல்ல. அந்த இடத்தில் வேகம்தான் ருசி.

மூன்று நான்கு பேர் குடிக்கும் சின்ன ஆபீஸ், ஓரத்தில் சும்மா நிற்கும் கேப்ஸ்யூல் மெஷின், காபியில் பிடிவாதம் உள்ள ஒருவர். இந்த மூன்றும் இருந்தால் தயங்க வேண்டாம். முதலில் நூறு கிராம் பொடி மட்டும், சிக்கரி இல்லாமல், எஸ்பிரெஸ்ஸோ அரைப்பில் வாங்குங்கள். முதல் வாரம் வருவது சுமாராகத்தான் இருக்கும், அரைப்பு பிடிபடும்வரை பொறுங்கள். வாங்கும்போது எந்தத் தோட்டத்துக் கொட்டை, எப்போது வறுத்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். கேப்ஸ்யூல் பெட்டியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது.